ஆளுக்கு ஒரு பெட்டி

ராயபுரம்
5-2-2001

அன்புள்ள ஷைனிக்கு,

உனக்குச் சமைக்கத் தெரியாது என்று நான் சொன்னதாகக் கல்மண்டபம் மார்க்கெட்டில் பேச்சு. மீன் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. உனக்குக் கப்பலுக்குச் சமைக்கத் தெரியாது என்றுதான் சொன்னேன். முதலில் சொன்னது பழி. இரண்டாவது உண்மை. பக்கத்து வீட்டு பிலோமி பழியை மட்டும் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றிருக்கிறாள். உன் காதுக்கும் வந்திருக்கும் என்பதால் திருத்தி எழுதுகிறேன்.

உன் புருஷன் டெரிக் நேற்றுப் பூசை முடிந்து வந்து விஷயத்தைச் சொன்னான். எஞ்சின் செத்துப்போன பழைய சரக்குக் கப்பல். அதை இன்னொரு கப்பல் கயிறு கட்டிக் குஜராத்தில் கப்பல் உடைக்கிற கரைவரை இழுத்துக்கொண்டு போகும். செத்த கப்பலின் மேல் ஆறு பேர் இருந்து கயிற்றையும் ஓட்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறில் இவன் ஒருவன். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை போன பிறகு அவனும் எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? போகட்டும். நான் தடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கப்பலில் கரண்ட் கிடையாது. ஃபிரிட்ஜும் இல்லை, ஐஸும் இல்லை. கன்னியாகுமரியைச் சுற்றிப் போய்ச் சேர ஒரு மாதம் பிடிக்கும். கம்பெனி கொடுப்பது அரிசி, பருப்பு, பீப்பாயில் தண்ணீர், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். அதிலும் ஆளுக்கு ஒரு பெட்டிதான். அவர்களுக்குத் தலைவனாகப் போகிற செராங் சுப்பராயன் சொன்னதை டெரிக் அப்படியே நடித்துக் காட்டினான்: "ஒரு ஆளுக்கு ஒரு பொட்டி. ரெண்டாவது பொட்டி கண்ல பட்டுது, ஆளோட சேத்து கடல்ல தள்ளிடுவேன்."

உன் மாமனார் நிலக்கரிக் கப்பலில் சுக்கான் பிடிக்கிற சுக்கானியாக இருந்த வருடங்களில் அவருடைய பெட்டியை நான்தான் கட்டினேன். அதில் எதுவும் ஒருநாளும் கெட்டுத் திரும்பியதில்லை. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். கருவாடு வேண்டாம். கருவாடு கெடாது, ஆனால் தாகம் எடுக்கும், பீப்பாய்த் தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். முட்டை வேண்டாம். எஞ்சின் ஓடாத கப்பல் அலையில் கண்டபடி உருளும். தேங்காய் அரைத்த எதுவும் கூடாது. ரொட்டி இந்த வெயிலில் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். வினிகரில் போட்ட மாட்டுக்கறி ஊறுகாய், மிளகாயும் வினிகரும் அரைத்து மேலே கொழுப்பு உருக்கி ஊற்றி மூடிய பன்றி விந்தாலு, நல்லெண்ணெய் மிதக்கிற புளிக்காய்ச்சல், உப்பு எலுமிச்சை. இவ்வளவுதான் நிற்கும். ஜாடிகளைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டேன். தவக்காலம் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் கறி ஜாடிகளைத் திறக்கக் கூடாது என்று அவனுக்கு நீயும் சொல்லி அனுப்பு.

நீ எதையோ இடித்து மாவாக்கிக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பெட்டி ஒன்றுதான் என்பதை மறக்காதே. என்னென்ன வைக்க நினைக்கிறாய் என்று எழுது. இங்கே தெருமுனைத் தாவூது கடைக்குப் போன் செய்ய வேண்டாம். சோப்பு வாங்க நிற்கிறவர்களெல்லாம் நம் வீட்டுப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
ஐரீன் அருள்பிரகாசம்


அத்திப்பட்டு
9-2-2001

அன்புள்ள அத்தைக்கு, ஷைனி எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் வந்தது. முட்டிவலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? இங்கே எங்களுக்கும் வழக்கம்போல்தான். துணி காயப்போட்டால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இரண்டாம் தடவை துவைக்க வேண்டியிருக்கிறது.

பிலோமி அக்கா சொன்னது என் காதுக்கும் வந்தது. நீங்கள் திருத்தி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது அத்தை. எனக்குக் கப்பலுக்குச் சமைக்கத் தெரியாது என்பது நிஜம். கருவாடு கட்டுவதாகத்தான் இருந்தேன். தாகத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வயிற்றில் புண் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வினிகர், மிளகாய், புளி மூன்றையும் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் நான் மிளகாய் போடாமல்தான் அவருக்குத் தனியாகச் செய்கிறேன். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் விந்தாலு சாப்பிட்டோமே, நினைவிருக்கிறதா? அன்று திரும்பி வரும்போது ரயிலில் வியர்த்துக் கொட்டி, எண்ணூரில் இறங்கி, பிளாட்பாரக் கடைசியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அடுத்த ரயில் வரும்வரை எழுந்திருக்க முடியவில்லை. அப்போதும் என்னிடம், "அம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்காத. அவங்க சமையல சொல்ற மாரி ஆயிடும்" என்றுதான் சொன்னார்.

அதனால்தான் மாவு இடிக்கிறேன். வறுத்த அரிசிமாவு, ஆரோரூட் மாவு, அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கொஞ்சம் பால் பவுடர். வெந்நீரில் கரைத்தால் போதும்.

அத்தை, உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் கொடுத்தால் அவர் எடுத்துக்கொண்டு போவார். போனால் சாப்பிடுவார். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று நீங்கள் வளர்த்த பிள்ளை. நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நீங்களே, "இந்த முறை வேண்டாம்டா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி. நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
ஷைனி


ராயபுரம்
13-2-2001

ஷைனிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அதில் உள்ள பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொட்டுக்கடலையைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்க்கும், வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெல்லம் கடல் காற்றில் இளகும், எறும்பை அழைக்கும். பால் பவுடர் ஒரு தடவை திறந்தால் கட்டியாகும். வெந்நீரில் கரைக்க வேண்டும் என்கிறாய். மண்ணெண்ணெய் தீர்ந்தால் வெந்நீருக்கு எங்கே போவான்? உன் பெட்டி பாதி வழிக்கு வராது. இது உன்னைத் தாழ்த்தச் சொல்வதல்ல. நீ கப்பல்காரன் வீட்டில் வளர்ந்தவளல்ல.

இனி மற்ற விஷயம்.

என் மகனுக்கு வயிற்றுப் புண், அதை அவன் ஒரு வருடமாக என்னிடம் மறைத்தான், என் சமையலைத் தின்று ரயிலடியில் வாந்தி எடுத்தான். இதை எனக்குச் சொல்ல நீ வேண்டும். அப்படித்தானே?

நேற்று முன்தினம் ஞாயிறு அவன் வந்தான். நான் எதையும் மனத்தில் வைத்துக்கொண்டு உருட்டுகிறவள் அல்ல. நேராகவே கேட்டேன்.

"வயிறு எப்படிடா இருக்கு?"

"நல்லாதாம்மா கீது."

"இந்த வீட்டுக்குள்ள கீது, வூடுன்னு பேசாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"சரிங்க டீச்சரம்மா. வயிறு நலமாக இருக்கிறது" என்று கைகட்டி நின்று சிரித்தான்.

"உன் பொண்டாட்டி வேற மாதிரி எழுதியிருக்காளே?"

அவன் கட்டிய கையை அவிழ்த்தான். பிறகு, "அவ சும்மா பயந்துகினு... பயந்துக்கிட்டு இருப்பாம்மா. எப்பவோ ஒரு நாள் அஜீரணம். அத புடிச்சிக்கினா" என்றான்.

மாட்டுக்கறி வறுத்திருந்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். தட்டை வழித்துச் சாப்பிட்டான். புண் உள்ளவன் சாப்பிடுகிற சாப்பாடா அது? நீயே சொல்.

நான் உன்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. என் மருமகள் இப்படிச் சொன்னாள் என்று பிலோமியிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் டாக்டர் சொன்னார் என்கிறாய். எந்த டாக்டர்? என்ன எழுதிக் கொடுத்தார்? சீட்டு இருந்தால் அனுப்பு. வாய்ப்பேச்சை வைத்து முப்பத்துமூன்று வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து நான் எதையும் எடுக்க முடியாது.

கறி ஊறுகாய் முந்தாநாள் போட்டாயிற்று. இன்றைக்கு விந்தாலு.

ஐரீன் அருள்பிரகாசம்


அத்திப்பட்டு
17-2-2001

அன்புள்ள அத்தைக்கு,

சீட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. டாக்டர் பெயரும் பட்டமும் மேலேயே அச்சடித்திருக்கிறது. அடியில் பேனாவால் எழுதியதை நீங்கள் என்னைவிட நன்றாக வாசிப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் உங்கள் வீட்டிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துவிட்டார். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கிறதாம். வயிற்றைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். எதற்கு இரண்டு தடவை போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு தடவயோட எழுந்தா நீ எழுதினது நெஜம்னு ஆயிடும்ல" என்றார். உங்களுக்குக் கடிதம் எழுதியதற்காக என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

அத்தை, உங்கள் முன்னால் அவர் உண்மை பேசமாட்டார். அது உங்களுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். உங்களை ஏமாற்ற அல்ல. நீங்கள் வருத்தப்படுவதை அவரால் பார்க்க முடியாது.

நான் சண்டை போடவில்லை. ஒரு வழி யோசித்தேன். எது கெடாது என்று உங்களுக்குத் தெரியும். எது அவர் வயிற்றில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் பெட்டி பாதி வழிக்கு வராது என்றீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். வினிகரும் மிளகாயும் புளியும் இல்லாமல், ஒரு மாதம் கெடாமல் நிற்கிற மாதிரி என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் சொல்கிறபடி நான் செய்கிறேன். இல்லையென்றால் நீங்களே செய்யுங்கள், நான் வந்து கூடமாட நிற்கிறேன். அம்மா கட்டின பெட்டி என்றே போகட்டும். என் பெயர் அதில் வேண்டாம்.

புதன்கிழமை காலை கிளம்புகிறார்கள். அதற்குள் ஒரு வரி எழுதினால் போதும். பிலோமி அக்கா பையனிடம் கொடுத்தனுப்பினாலும் சரி.

ஷைனி


ராயபுரம்
22-2-2001

ஷைனிக்கு,

உன் கடிதமும் சீட்டும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. வாசித்தேன். வினிகர், காரம் தவிர்க்கவும் என்று எழுதியிருக்கிறது. எந்த டாக்டர் அதை எழுதமாட்டார்? எனக்கு முட்டிவலி என்று போனாலும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. வினிகரும் மிளகாயும் இல்லாமல் கெடாத பண்டம் இருக்கிறது, எனக்குச் செய்யவும் தெரியும். ஆனால் அது நோயாளிக்குக் கட்டுவது. கப்பலில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவன் மட்டும் மாவைக் கரைத்துக் குடித்தால் இரண்டாம் நாளே அவனுக்கு ஒரு பேர் வைத்துவிடுவார்கள். அப்புறம் கயிற்றுப் பக்கம் வேலைக்கு அவனைக் கூப்பிடமாட்டார்கள், அடுத்த கப்பலுக்கும் கூப்பிடமாட்டார்கள். அருள்பிரகாசம் சுக்கானியின் மகனை நோயாளி என்று சொல்லி நான் கடலுக்கு அனுப்ப முடியாது.

நேற்றுக் காலை துறைமுக வாசலுக்குப் போனேன். நீ வரவில்லை. வரவேண்டாம் என்று தானே சொன்னதாக டெரிக் சொன்னான். வாசலுக்கு வெளியே டீக்கடை ஓரம் எல்லோரும் பெட்டியோடு நின்றிருந்தார்கள். அவன் பெட்டி நீ கட்டியது. திற என்றேன். திறந்தான்.

நான் நினைத்தபடியே இருந்தது. வெல்லப் பொட்டலத்தில் அப்போதே எறும்பு. எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு என் ஜாடிகளை வைக்கோல் போட்டு இறுக்கி அடுக்கினேன். சுப்பராயன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா யம்மா, கஸ்டம்ஸ்காரன்கூட இப்டி நோண்ட மாட்டானே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெரிக்கும் சிரித்தான்.

பிறகு அவன் மெல்லக் கேட்டான். "அம்மா, அந்த அவல் மட்டும் ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டுமே."

"அவல் கடல் காத்துல நமுத்துப் போகும்டா. இடத்தைத்தான் அடைக்கும்."

"கொஞ்சூண்டுதாம்மா."

"ஜாடி ஆடும். ஆடினா உடையும்."

"சரிம்மா" என்றான்.

பெட்டியை மூடியதும் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகிற லாஞ்ச் படகு வாசலுக்குள் எங்கோ நின்றிருந்தது, போனதை நான் பார்க்கவில்லை.

உன் பொட்டலங்களை பிலோமி மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எறும்பு பிடித்ததைத் தவிர மற்றதெல்லாம் உனக்கு உதவும். வீணாக்க வேண்டாம். வருகிற புதன்கிழமை விபூதி பூசை. நீயும் உங்கள் பக்கத்துக் கோயிலில் போய் அவனுக்காக வேண்டிக்கொள்.

ஐரீன் அருள்பிரகாசம்


கொச்சி
19-3-2001

அத்தைக்கு,

நேற்று முன்தினம் தந்தி அடித்தேன். கிடைத்திருக்கும். அதில் ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் எழுத முடிந்தது. மீதியை இதில் எழுதுகிறேன். நீங்கள் எழுத்தில்தான் கேட்பீர்கள்.

அவர் உயிரோடு இருக்கிறார். வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

கன்னியாகுமரி தாண்டிய பிறகு காற்றில் கயிறு அறுந்து, மறுபடி கட்ட நாளாகிவிட்டதாம். அதற்குள் மண்ணெண்ணெய் குறைந்துபோய், ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் அடுப்பு. காலையில் வடித்த சோறுதான் இராத்திரிக்கும். இந்த ஊருக்கு நேரே கடலில் வரும்போது அவர் இரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். முன்னால் போன கப்பலுக்கு விளக்குக் காட்டிச் சொல்லி, கரையிலிருந்து படகு வரவழைத்து இறக்கியிருக்கிறார்கள். சுப்பராயன் அண்ணன் கூடவே வந்து, நான் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் தரையில் படுத்திருந்தார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"மொதல்ல கொஞ்ச நாளு வெறும் கஞ்சிதாம்மா குடிச்சிகினு இருந்தான். எங்க கொழம்ப குடுத்தோம், அதுவும் காரம், வேணான்ட்டான். அப்பால அடுப்பு ஒரு வேளை ஆச்சி. ஆறிப்போன சோத்த வெறுமனே எத்தினி நாளு முழுங்குவான்? பொட்டில இருந்தது அதான். துன்னான். துன்னுட்டு ராவெல்லாம் சுருண்டு கெடந்தான். ஏன்டா நைனா, எங்க கிட்ட சொல்லக் கூடாதா, தூக்கிப் போட்டுட்டு வேற பாக்கலாமேன்னேன். எங்கம்மா கட்னது அண்ணேன்னான். அவ்ளோதான்."

அந்தப் பெட்டியில் அவர் சாப்பிடக்கூடிய பண்டம் ஒன்றே ஒன்று இருந்திருந்தாலும் போதும். இதை நான் உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டார்: இவ்வளவு புண்ணோடு இதைச் சாப்பிட வீட்டில் எப்படி விட்டீர்கள் என்று. என்னைத்தான் கேட்டார். வீட்டில் நான்தானே இருக்கிறேன். 

இன்று காலை அவருக்கு நினைவு தெளிந்தது. உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றேன். ஒன்றை மட்டும் எழுதச் சொன்னார். எதுவும் கெட்டுப்போகவில்லையாம். கடைசி ஜாடிவரை எதுவும் கெடவில்லை என்று அம்மாவிடம் சொல் என்றார்.

எழுதிவிட்டேன்.

இனி நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை அத்தை. அவர் எழுதினால் எழுதட்டும், வந்து பார்த்தால் பார்க்கட்டும். நான் தடுக்கமாட்டேன். உங்களோடு எனக்கு இருந்த பேச்சு, என் கடிதமும் சீட்டும் உங்கள் கைக்குக் கிடைத்த அந்தச் செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது.

ஷைனி


ராயபுரம்
2-5-2001

ஷைனிக்கு,

பங்குக் கோயிலில் என்னைப் பற்றிப் பலதும் பேசுகிறார்கள். பிள்ளைக்கு ஊறுகாய் போட்டே கொல்லப் பார்த்தவள் என்று ஒருத்தி பூசை முடிந்து என் காதுபடவே சொன்னாள். இந்த முறை நான் யாரையும் திருத்தவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் கொச்சிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். முதலில் எழுதியதில் கயிறு அறுந்ததைப் பற்றியும் மண்ணெண்ணெய் குறைந்ததைப் பற்றியும் நிறைய இருந்தது. கம்பெனியைப் பற்றி இருந்தது. அத்தனையும் நியாயம்தான். ஆனால் வாசித்துப் பார்த்தபோது அது உனக்கு எழுதிய கடிதமாக இல்லை.

நீங்கள் ஈஸ்டருக்கு முந்தி ஊர் வந்துவிட்டீர்கள் என்பதைக்கூட எனக்கு பிலோமிதான் சொன்னாள். நீ சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

போன ஞாயிறு நான் அத்திப்பட்டுக்கு வந்தேன். இது உனக்குத் தெரியும். நீ உள்ளே இருந்தாய், பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நீ வெளியே வரவில்லை. அதற்கு நான் கோபப்படவில்லை. ஆனால் வெளியே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. அவன் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். அதனால் எழுதுகிறேன்.

அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. என்னைக் கண்டதும், "வாம்மா, ரயில்ல கூட்டமா?" என்று எழுந்தான். எழுந்திருக்காதே என்றேன். எழுந்துவிட்டான்.

"எப்படிடா இருக்க?"

"நல்லாதாம்மா கீது."

இந்த முறை நான் அவன் பேச்சைத் திருத்தவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

தூக்குச் சட்டியில் இடியாப்பமும் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலும் கொண்டு வந்திருந்தேன். காரம் கிடையாது, புளி கிடையாது. விடியற்காலையில் எழுந்து பிழிந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "இல்லம்மா, உனக்குத்தான் காத்துகினு இருந்தேன்" என்றான். நான் வருவது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் உதட்டோரத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருக்கிறான்.

எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. தட்டில் வைத்தேன். அவன் சாப்பிட ஆரம்பித்தான். "நல்லா இருக்கும்மா" என்றான். ஒரு வாய் வைத்து, நீண்ட நேரம் மென்று, விழுங்கி, இன்னொரு வாய் எடுத்தான். நெற்றியில் வியர்வை பொடித்தது. இடது கை மடியில் இருந்தது. பிறகு பார்த்தேன், அது மடியில் இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகம் என்னைப் பார்த்து நன்றாகத்தான் இருந்தது. எத்தனை வருடமாக அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. கையை நான் பார்த்ததே இல்லை.

"போதும்" என்றேன்.

"இன்னும் இருக்கேம்மா, முடிச்சிடறேன்."

நான் அவன் கைக்குக் கீழிருந்து தட்டை எடுத்துவிட்டேன். மிச்சத்தோடு எடுத்துவிட்டேன். அவன் பயந்துபோய், "கோச்சுக்கினியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. மறுபடி கையை நீட்டினான், ஷைனி. நான் தட்டைத் தெருநாய்க்கு வைத்துவிட்டுத் தூக்குச் சட்டியை மூடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். அவன் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே தெருமுனைவரை வந்தான். நீ அதைக் கேட்டிருப்பாய்.

அந்தப் பிப்ரவரிக் கடிதத்தில் நீ ஒன்றைத் தாழ்ந்து கேட்டாய். பெயர்கூட வேண்டாம் என்றாய். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ ஏதோ ஒரு பதிலை என்மேல் இரக்கப்பட்டு எழுத வேண்டியிருக்கும். அது எனக்கு வேண்டாம், உன்னிடமும் அது இப்போது இருக்காது.

எனக்கு வேண்டியது வேறு. பாதி வயிறு உள்ளவனுக்கு எத்தனை வேளை கொடுக்க வேண்டும்? ஒரு வேளைக்கு எவ்வளவு? இனிப்புப் பால் ஆகுமா, ஆகாதா? அரிசிக் கஞ்சி நிற்கிறதா, குடித்த பிறகு படுக்கிறானா, நடக்கிறானா? இராத்திரி தூங்குகிறானா? வலி இன்னும் இருக்கிறதா? டாக்டரைக் கேட்கலாம், அவர் என் பிள்ளையைத் தினமும் பார்ப்பதில்லை. அவனைக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பான். நான் சாகும்வரை நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான். அவனைப் பற்றி எனக்கு உண்மை சொன்னவள் நீ ஒருத்திதான்.

நான் அங்கே வரமாட்டேன். எதையும் செய்து அனுப்பவும் மாட்டேன். தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிறேன்.

எனக்கு அன்பாக எழுத வேண்டியதில்லை. அத்தை என்றுகூடப் போட வேண்டாம். அவன் என்ன சாப்பிடுகிறான், சாப்பிட்டபின் எப்படி இருக்கிறான் என்று உன் கையால் ஒரு தபால் கார்டில் எழுதிப் போடு.

ஐரீன்